அரைமூட்டைக்குக் கால் கிலோ கம்மி

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தைச் சுற்றி நான் பார்த்த மனிதர்களிலேயே சோற்றைக் கடமையாகச் சாப்பிட்டவன் அரைமூட்டை ஒருவன்தான். மற்றவர்கள் பசிக்குச் சாப்பிட்டார்கள், ருசிக்குச் சாப்பிட்டார்கள், மாமியார் வீட்டில் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள். அவன் பரீட்சைக்குப் படிப்பவனைப் போலச் சாப்பிட்டான். கடைசிப் பருக்கை உள்ளே போகிறவரை முகத்தில் சிரிப்பே இருக்காது.

இப்படிச் சாப்பிடும் யோசனை அவனுக்கு உதித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இடம், அரிசி மண்டி. அவன் அங்கே சாக்கு தைக்கிறவன். நான் பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்கு மனுப் போடுவதையே வேலையாக வைத்திருந்தவன். சைக்கிள் கடை மாடியில் ஒரே அறையில் இருவரும் குடியிருந்தோம். அவனுக்குப் பட்டாளத்தில் சேர வேண்டும். அதற்காக விடிவதற்கு முன்பே எழுந்து கோமுகி அணைச் சாலையில் ஓடுவான். ஓடி முடித்து நேராக மண்டிக்கு வந்து, மூட்டை நிறுக்கும் எடைமேடையில் ஏறி நிற்பான்.

அன்றைக்கு எடைக்காரர் ராகம் போட்டுச் சொன்னார்: "அரை மூட்டைக்கு ஒண்ணரைக் கிலோ கம்மீ! ஏம்பா, போன மாசம் ஜாஸ்தியா இருந்தியே, யாரு வூட்டுக்கு எடுத்துக் குடுத்த?"

அரிசி மூட்டை என்றால் நூறு கிலோ. பட்டாளம் கேட்பது ஐம்பது கிலோ. அதாவது, அரை மூட்டை. மண்டி முழுக்கச் சிரித்தது. அவன் மட்டும் மேடையை விட்டு இறங்காமல் என்னைப் பார்த்தான்.

"டேய் பி.ஏ., இப்பத்தான்டா புரியுது. நான் ஓடல. என்னையே கொஞ்சங் கொஞ்சமா துன்னுக்கினு இருக்கேன்."

"அப்ப ஓடாத" என்றேன்.

"ஓடலன்னா அங்க மூச்சு வாங்கும். ஓடியும் ஆவணும், எடையும் எறங்கக் கூடாது. அப்படின்னா இன்னா? எவ்ளோ ஓடறனோ அவ்ளோவும் துன்னுடணும். அவ்ளோதான்!"

நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது போல இவன் தலையில் ஒரு மூட்டை விழுந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அன்றோடு அவன் அம்மா அப்பா வைத்த பெயரை ஊர் மறந்துவிட்டது.

அவனுக்கு அவசரமும் இருந்தது. வயது வரம்பு தாண்டுவதற்குள் இரண்டே ஆள் எடுப்புதான் மிச்சம். வடக்கனந்தலில் அவன் அம்மா கரும்பு வெட்டக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கரும்புத் தோகை கிழித்த விரல்களோடு அவர் குழம்பில் கை வைக்க முடியாமல் வெறும் மோர்ச்சோறு தின்பதை ஒருமுறை சொன்னான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசுகிற நேரத்தில் ஒரு கவளம் கூடுதலாகப் போகுமே.

நாங்கள் சாப்பிட்டது 'அக்கா மெஸ்'ஸில். வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று பலகை. அரைமூட்டையின் கொள்கை அமலுக்கு வந்த முதல் வாரத்திலேயே அந்தப் பலகையின் கீழே அக்கா சுண்ணாம்பால் ஒரு வரி சேர்த்தார்: 'அரைமூட்டை நீங்கலாக.'

அவன் அசரவில்லை. "அக்கா, சோத்துக்குப் பதிலா மாவாட்டித் தர்றேன்" என்றான். அக்காவுக்குச் சம்மதம். ஆட்டுக்கல்லில் உட்கார்ந்து ஊருக்கே இட்லிக்கு ஆட்டினான். ஆட்டி முடித்து இலையில் உட்கார்ந்தான். சாப்பிட்டு எழுந்து யோசித்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"இன்னாடா?" என்றார் அக்கா.

"இப்ப துன்னது ஓடுனதுக்குக்கா. மாவாட்டுனதுல போனதுக்கு இன்னும் போடலியே."

"அதுக்கும் போட்டா, அந்தச் சோத்துக்கு நீ இன்னொரு வாட்டி மாவாட்டணும்டா!"

"ஆட்றேன். அப்பறம் அதுல போனதுக்கு..."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கும்பிட்டார். "தம்பி, நீங்க படிச்சவருதான? இது எங்க போயி முடியும்னு சொல்லுங்க."

நான் பண்ணிய உதவியெல்லாம் ஒன்றுதான். தனியாகச் சாப்பிட்டால் அவனுக்கு இறங்காது என்பதால் துணைக்கு நானும் சாப்பிட்டேன். விடியற்காலையில் ஓடுவதற்கு மட்டும் துணை போகவில்லை. கொஞ்ச நாளில் எடைமேடையில் எங்கள் இருவரையும் ஏற்றி இறக்கிய எடைக்காரர், "அவரு துன்றாரு, இவரு ஊதுறாரு" என்று அறிவித்தார். என் சட்டைப் பொத்தான் ஒன்று அதற்கு முன்பே அறிவித்திருந்தது.

நைனார்பாளையத்தில் ஒரு கல்யாணம். மண்டி முதலாளிக்கு வந்த அழைப்பு, இவன் போனான். பஸ்ஸில் அல்ல, ஓடியே போனான். முதல் பந்தியில் உட்கார்ந்தான், இரண்டாவதில் இடம் மாறி உட்கார்ந்தான். மூன்றாவதில் பந்தி விசாரிக்க வந்த பெரியவர் நின்றுவிட்டார்.

"தம்பி பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

"ரெண்டு வூட்டுக்கும் பொதுங்க. கொஞ்சம் கூட்டு வெக்கச் சொல்லுங்க."

ஓடியே திரும்பினான். எடைமேடையில் ஏறினால், புறப்பட்டபோது இருந்ததை விடக் கம்மி. "பாயசம் வெக்கறதுக்குள்ள எழுப்பிட்டானுங்கடா" என்றான், நாட்டுக்கே அநியாயம் நடந்தது போல.

இப்படியாகத் தேறித் தேறி, தேர்வுக்கு முந்தைய வாரம் ஊசிமுனையில் ஐம்பதைத் தொட்டுவிட்டான். எடைக்காரர் அன்றைக்கு ராகத்தை மாற்றிப் பாடினார். ஆள் எடுப்பு திருக்கோவிலூரில். முதல் நாள் மாலை பஸ் ஏறினால் போதும்.

அப்போதுதான் மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்கள் எல்லாம் கொதித்துக் கிடந்த நேரம் அது. சாலையோரத்துப் புளியமரங்கள் சாலைக்கு நடுவில் கிடந்தன. பஸ் கிடையாது, லாரி கிடையாது. ஆள் எடுக்கும் அதிகாரிகளோ மறியலுக்கு முன்பே வந்து இறங்கிவிட்டார்கள் என்று தகவல்.

"நடந்துடலாம்" என்றேன் உற்சாகமாக.

அவன் முகம் செத்துப்போனது. "நடந்தா கொறஞ்சிடுவேன்டா."

கடைசியில் ஒரு தார் வாழைப்பழம், ஒரு தூக்கு நிறையக் களி, கொஞ்சம் மல்லாட்டைக் கடலை ஆகியவற்றோடு விடியற்காலையில் புறப்பட்டோம். களி தியாகதுருகத்திலேயே தீர்ந்துவிட்டது. ஊரைத் தாண்டியதும் முதல் மறியல். விழுந்து கிடந்த மரத்தின் மேல் வரிசையாக ஆட்கள். பக்கத்தில் அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் சமையல். தலையில் துண்டு கட்டிய ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்கடா போறீங்க? மறியல் நடக்கறது கண்ணுக்குத் தெரியல?"

"பட்டாளத்துக்கு ஆள் எடுக்கறாங்கண்ணே. திருக்கோவிலூரு போறோம்."

"பஸ்ஸையே வுடல. ஒன்ன வுடுவமா?"

"நான் பஸ்ஸு இல்லண்ணே."

மரத்தின் மேல் யாரோ சிரித்தார்கள். துண்டு கட்டியவருக்கும் சிரிப்பு வந்தது. திரும்பிச் சத்தமாகச் சொன்னார்: "வேல குடுன்னு கேட்டுத்தான்டா நாம ரோட்ல குந்திக்கினு இருக்கோம். வேலைக்குப் போறவன மறிச்சா அப்பறம் இன்னாத்துக்கு மறியல்? வுடுங்கடா."

வழி விட்டார்கள். அரைமூட்டை நகரவில்லை. அண்டாவைப் பார்த்தபடி நின்றான்.

"அண்ணே, அதுல இன்னா?"

"சாம்பார் சோறு."

"இவ்ளோ தூரம் நடந்ததுல கொஞ்சம் எறங்கியிருப்பேண்ணே" என்று ஆரம்பித்து, எடைமேடை, ஐம்பது கிலோ, கல்யாணத்தில் கைவிட்டுப்போன பாயசம் வரை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். மறியல் அப்படியே மறந்துபோய், மரத்தில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கி அவனைச் சுற்றி நின்றார்கள்.

"இலைய போடுடா அவனுக்கு!"

"யோவ், அடியிலருந்து எடுத்துப் போடுய்யா, பருப்பு அங்கதான் நிக்கும்!"

"தம்பி, மெல்லாம முழுங்கு. வயித்துல ரொம்ப நேரம் நிக்கும்."

துண்டு கட்டியவர் ஒரு பையனை அழைத்து சைக்கிளில் முன்னால் அனுப்பினார். "பின்னால ஒருத்தன் நடந்து வர்றான், சோறு எடுத்து வெய்யின்னு ரிஷிவந்தியம் வரைக்கும் சொல்லிட்டுப் போ." தலைவர்கள் வருகிற செய்திகூட அந்தச் சாலையில் அவ்வளவு வேகமாகப் போயிருக்காது. அடுத்த மறியலில் புளிச்சோறு காத்திருந்தது. ரிஷிவந்தியத்தில் கேழ்வரகுக் கூழும் கருவாடும். அங்கே ஒரு கிழவர் என் வயிற்றைப் பார்த்து, "இவர்தான் பட்டாளமா?" என்று கேட்டது ஒன்றுதான் அன்றைய துக்கம்.

திருக்கோவிலூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுத்தோம். காலையில் எழுந்தவன் மிச்சமிருந்த வாழைப்பழங்களை வரிசையாக உரித்தான். குழாயடியில் குனிந்து, வயிறு பானையாகிறவரை தண்ணீர் குடித்தான். கொல்லைப் பக்கம் மட்டும் போகவில்லை.

"டேய், போயிட்டு வாடா."

"அதுவும் எடதான்டா" என்றான்.

மைதானத்தில் வரிசை நின்றது. எடை பார்க்கும் இயந்திரத்தைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, நிறைசூலி போல ஆடாமல் அசையாமல் நடந்தான். அப்போது மீசை வைத்த அதிகாரி ஒருவர் இந்தியில் கத்தினார். பக்கத்தில் இருந்தவர் தமிழில் கத்தினார்: "முதல்ல ஓட்டம்! ஓட்டத்துல தேறுனவனுக்குத்தான் எடை!"

எல்லாவற்றையும் கணக்குப் போட்டோம். எதற்கு அப்புறம் எது என்று இரண்டு பேரில் ஒருவன்கூட விசாரிக்கவில்லை. அரைமூட்டை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. மூன்று மறியலின் சோறு, ஒரு தார்ப் பழம், ஒரு பானைத் தண்ணீர். விசில் ஊதிவிட்டார்கள்.

ஓடினான். முதல் சுற்றில் வயிறு அவனுக்கு முன்னால் ஓடியது. இரண்டாவது சுற்றில் கன்னம் இரண்டும் உப்பின. மூன்றாவதில் இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டான். வலது கையை மட்டும் வீசி, ஒற்றைத் துடுப்புப் படகு போல ஓடினான். வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அவன் பொத்தியிருந்தது வாயை அல்ல, எடையை. வாயைப் பொத்தியபடியே தேறிய கூட்டத்தோடு கோட்டைத் தாண்டினான்.

எடை இயந்திரத்தில் ஏறியபோதும் கையை எடுக்கவில்லை.

"பேர் என்ன?" என்றார் டாக்டர்.

தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லுய்யா."

மாட்டேன் என்று ஆட்டினான். முள் ஆடியது, நின்றது. கால் கிலோ கம்மி.

இறங்கி, வேப்பமரத்துக்குப் பின்னால் போனான். வட மாவட்டங்களின் அத்தனை போராட்டச் சமையலும் அங்கே திரும்பி வந்தது. டாக்டரே பக்கத்தில் வந்து தண்ணீர் கொடுத்தார். "ஓட்டம் பிரமாதம்யா. உடம்புல ஒட்டுன எடையோட வா, வயித்துல கட்டுன எடையோட வராத. அடுத்தது சேலத்துல நடக்கும்."

திரும்பியும் நடந்தே வந்தோம். மறியல் மரம் அங்கேயே கிடந்தது. துண்டு கட்டியவர் தூரத்திலேயே எழுந்து நின்றார்.

"இன்னாச்சி?"

"கால் கிலோண்ணே."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அண்டாவைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு கரண்டி சோறுடா. அன்னிக்கி இன்னொரு கரண்டி போட்டிருக்கணும். என் தப்பு" என்றார். பிறகு, தன் கையாலேயே ஒரு இலை போட்டார். அரைமூட்டை சாப்பிட்டான். நான் பார்த்தவரை, கடமைக்காக இல்லாமல் அவன் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரம்" என்றான். அது தயிர்ச்சோறு.

இலையை மடித்துவிட்டு என்னிடம் சொன்னான். "ஒரே நாளுல துன்னா வயிறுதான்டா ரொம்புது, ஒடம்பு ரொம்பல. ஓடுற அன்னிக்கெல்லாம் அன்னன்னிக்கே துன்னணும். ஒரு நாளும் பாக்கி வெக்கக் கூடாது. சேலத்துக்கு இப்பலேருந்தே ஆரம்பிக்கணும்."

இது நடந்து சில மாதம் ஆகிறது. கல்வராயன் மலையிலிருந்து மண்டிக்குச் சாமை கொண்டுவரும் ஒருவர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். "அறுப்புக்கு ஆள் இல்ல, வந்து தங்கு. சாமச்சோறு இருக்கு, மொச்சக் கொட்ட இருக்கு, பலா பழுக்கப் போவுது. ஓடறதுக்கு ஏத்தம் எறக்கத்துக்குக் கொறச்சலே இல்ல" என்றாராம். இவன் கேட்ட ஒரே கேள்வி, "எடமேட இருக்குதுங்களா?" என்பதுதான். இல்லையாம். எடைக்காரர் தன் பழைய தொங்கு தராசைக் கொடுத்திருக்கிறார். அக்கா ஒரு டப்பா நிறையப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்துவிட்டு, பலகையிலிருந்த சுண்ணாம்பு வரியை அழித்துவிட்டார்.

திங்கட்கிழமை விடியற்காலை பஸ்ஸில், மலை மேலிருக்கும் சாமைக்காரர் ஊரான வெள்ளிமலைக்கு ஏறுகிறோம். நானும்தான். இந்த முறை சாப்பிட மட்டுமல்ல, ஓடவும் துணை போவது என்று முடிவு செய்திருக்கிறேன். அவனுக்குக் குறைந்த அந்தக் கால் கிலோ என் மேலேதான் எங்கேயோ இருக்கிறது. கழற்றிக் கொடுக்க வழியிருந்தால் திருக்கோவிலூரிலேயே கொடுத்திருப்பேன்.