கொக்கின் இடது கால்

கொக்கின் இடது கால் ஒரு நூலளவு நீளம் கூடியிருந்தது. ஓவியரைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

"என்னங்க, பத்து மணிக்கு அண்ணனோட டிரைவர் வந்துடுவார். கொக்கு நல்லாத்தான் நிக்குது, விட்டுடுங்க," என்றாள் மனைவி.

"ரெண்டே நிமிஷம்."

இந்த ரெண்டு நிமிஷத்தை அவள் இருபது வருஷமாகக் கேட்டு வருகிறாள். முடிந்த படம் என்று வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பரண் முழுக்க மூக்கில்லாத முகங்கள், பாதி வானங்கள். அவளுடைய அண்ணன் கண் டாக்டர். புது ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்துக்கு ஒரு குளக்கரைப் படம் கேட்டு நாலு மாசமாகிவிட்டது. அங்கே சுவரில் ஆணிகூட அடித்து வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கும் போகலேன்னா அண்ணி மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"போகும், போகும்."

காலைக் குறைத்தார். கொக்கு நொண்டியது. சனியன், ரெண்டு காலையுமே மறைத்துவிடுவோம் என்று குளத்து நீரை ரெண்டு விரற்கடை ஏற்றினார். படகு முழுகியது. படகைத் தூக்கினார், அது போய்ப் பாலத்தில் இடித்தது.

"பாலம் என்ன கோணலா இருக்கு?" என்றாள் மனைவி, வாசற்படியில் நின்றபடி.

"அது எப்பவுமே கோணல்தான். நீ இப்பத்தான் பார்க்கிற."

அவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சொன்ன பிறகு அவர் கண்ணும் அங்கேயே போய் நின்றது. பாலத்தின்மேல் லேசாகப் பனிமூட்டம் போட்டார். பாலம் தீப்பற்றிய மாதிரி இருந்தது. சரி, எல்லா இடத்திலும் ஒரே சீராக மூட்டம் இருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள்?

பத்து மணிக்குப் படத்தில் சாம்பல் நிறம்தான் மிச்சம். உற்றுப் பார்த்தால் ஒரு மூலையில் அலகு மாதிரி ஏதோ ஒன்று.

"குளம் எங்கேங்க?"

"உள்ளே இருக்கு."

மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்து தூரிகையைப் பிடுங்கிக்கொண்டு, வாசலில் நின்ற டிரைவரிடம், "ஈரம் ஒட்டிக்காம தூக்குங்க," என்றாள்.

ஒரு வாரம் ஓவியருக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் பொறுக்க முடியாமல், சட்டைப்பையில் தூரிகையைச் செருகிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். யாரும் பார்க்காத நேரத்தில் தண்ணீரையாவது கொஞ்சம் வடித்துவிடலாம்.

கூடத்தில் உட்கார இடமில்லை. அத்தனை பேரும் அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒரு பெரியவர் கிட்டே போய் நின்றார், தள்ளி வந்து நின்றார், பெருமூச்சு விட்டார். ஓர் அம்மாள் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

ஓவியருக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்பாடா! இருபது வருஷத்தில் முதல்முறையாக ஒரு படம் முடிந்துவிட்டது. இனி அதில் ஒரு புள்ளிகூட வைக்கத் தேவையில்லை. நிம்மதியாகத் திரும்பியவரின் சட்டைப்பையில் தூரிகையைப் பார்த்துவிட்டு, வரவேற்பு மேஜைப் பெண் ஓடி வந்து வழிமறித்தாள்.

"ஐயையோ சார், படத்தைத் திருத்தக் கிருத்த வந்துடாதீங்க! சும்மா துணைக்கு வந்தவங்ககூட அதைப் பார்த்துட்டு, கண்ணுல ஏதோ கோளாறுன்னு பயந்துபோய் டோக்கன் வாங்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."