லெட்டருக்குப் பின்னாடி அழுதவன்

கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலிருந்து காவிரிப் பாலம் வரை இருபது தடவையாவது திரும்பிப் பார்த்தேன். கூப்பிட ஒருவரும் வரவில்லை. (ஒரு மாடு மட்டும் கூடவே வந்தது. அதுவும் அம்மா மண்டபத்தோடு நின்றுவிட்டது.)

எங்கள் ராக் குழுவின் பெயர், சுருதிக் கணக்கில் வைத்தது, 'நாலரைக் கட்டை'. "ராக்னா மலைக்கோட்டையைப் பத்திப் பாடுவீங்களா?" என்று கேட்ட ஊர்தான், ஆனாலும் கல்லூரி விழா, மாதா கோயில் திருவிழா, கல்யாணம் என்று எங்களை விடாமல் கூப்பிட்டது. வாசிக்கிறவர்கள் நாலு பேர். பாட்டு எழுதுகிற நான் மேடையோரம் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் ஒத்திகை பார்க்க வந்த ஒருவர், "நாலு கட்டை தெரியுது, அந்த அரை யாருங்க?" என்றார். எங்கள் டிரம்மர் ஜாபர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினான். ஜாபர் பள்ளிக்கூடத்திலிருந்தே என் உயிர்த் தோழன். அதனால்தான் அவ்வளவு வலித்தது.

"அப்ப நாலு கட்டையாவே இருங்க. அடுக்கி வச்சுக் கொளுத்திக்கலாம்," என்றேன். நான் இட்டுக்கட்டிய வரிகளிலேயே கேவலமானது அதுதான்.

"டேய் சேவி, விளையாட்டுக்குடா. நீ போனா குழுவே இல்லடா," என்றான் ஜாபர். கெஞ்சுகிறான் என்று நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த சில மாதங்களில் என் தனி ஆல்பம் தயார். பெயர் 'தனிமரம்'. பெயரைச் சொன்ன இடத்திலெல்லாம் "தோப்பாகாது" என்று முடித்துக் கொடுத்தார்கள். எட்டுப் பாட்டும் சோகம், எட்டையும் பாடியது நான். (அதுவரை என் குரலைக் குளியலறைக்கு வெளியே நின்று நான் கேட்டதில்லை.) அட்டையில் கன்னத்தில் கை வைத்தபடி, அரை இருட்டில் என் முகம்.

கேசட் போட்டுக் கொடுத்தவர் கேட்டார்: "தம்பி, பின்னாடி இருக்கிற இந்த ரெண்டு காதையும் உடைச்சிடவா? உடைச்சுட்டா இதுமேல வேற எதையும் ரெக்கார்டு பண்ண முடியாது."

"என் பாட்டை யாருங்க அழிக்கப் போறாங்க? அழகு கெட்டுடும், விடுங்க," என்றேன்.

இருநூறு கேசட்டும் பெரிய கடைவீதியில் ஒரு கடையில் தூசி தின்றன. கடைக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். ஒரு மாதம் கழித்துப் போனால் அலமாரி காலி! "பாலக்கரையில பள்ளிவாசலுக்குப் பின்னாடித் தெருவுக்கே பாதி போயிடுச்சு தம்பி," என்றார். அது ஜாபரின் தெரு.

அன்றைக்கே சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவன் "வாடா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழுவுக்குத் திரும்பிவிடுவது என்றுதான் போனேன். வெற்றி பெற்றவன் திரும்பினால் அது பெருந்தன்மை அல்லவா!

ஜாபரின் அம்மா உதட்டில் விரல் வைத்தபடி கதவைத் திறந்தார். மேசையில் டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய் உட்கார்ந்து, "வெயில்ல அலையாதப்பா, வேளாவேளைக்குச் சாப்பிடு," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார்.

"கேசட்டுல லெட்டர் பேசிக்கிட்டு இருந்தேன் தம்பி. ஜாபர் துபாய் போயி ரெண்டு மாசமாச்சு, தெரியாதா? நீங்க போனப்புறம் கச்சேரியே வரலைங்க. புள்ள எத்தனை நாள்தான் சும்மா உக்காந்திருக்கும்?"

பக்கத்தில் கிடந்த கேசட் டப்பாவில் என் முகம் என்னையே பார்த்தது.

"இது நல்ல கேசட்டு தம்பி. வெறும் கேசட்டைவிட வெலை கம்மி, பாட்டுமேலயே பேசிக்கலாம். வெளிநாட்டுல புள்ளைங்க இருக்கிற வீடெல்லாம் இதைத்தான் வாங்குது. அட்டையில யாரோ பல்வலிக்காரர் படம்தான் போட்டிருக்காங்க, பாவம்."

பிறகு பொத்தானை அமுக்கி, "ரெண்டு வார்த்தை பேசுங்க, சந்தோசப்படுவான்," என்றார்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். எட்டுப் பாட்டு எழுதியவன் நான். "ஜாபர்... நல்லா இருக்கியா... இங்க மழை இல்ல," என்றேன். அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டு, மகனுக்கு ஸலாம் சொல்லி அணைத்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் கேசட் வந்ததும் எனக்கு ஆள் அனுப்பினார். குடும்ப விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு ஜாபர் சொன்னான்: "அம்மா, உங்க லெட்டருக்குப் பின்னாடி ஒருத்தன் 'யாருமில்லை, எனக்கு யாருமில்லை'ன்னு அழுவுறான். அவனை யாராவது சமாதானம் பண்ணுங்க. ரூம்ல எட்டுப் பேரும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவனைப் போட்டுச் சிரிக்கிறோம். யாருன்னு எனக்குத் தெரியும். தாளம் நாலு இடத்துல தப்புன்னு சொல்லுங்க." அந்தத் தாளத்தை எதன்மேலோ விரலால் தட்டிக் காட்டினான். "நான் இருந்தா பிடிச்சிருப்பேன்."

குழு மறுபடி சேரவே இல்லை. அடுத்த வருடம் அந்த அம்மா தவறிவிட்டார். ஜாபரால் வந்து முகம் பார்க்க முடியவில்லை. மற்ற கேசட்டுகளின் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்பியிருந்ததால், அவன் கையில் மிஞ்சியது நானும் பேசிய அந்த ஒரு கேசட்தான். செய்தி வந்த அன்றைக்கே, அம்மா குரல்மேல் எதுவும் பதிந்துவிடக் கூடாதென்று, நான் உடைக்க விடாத அந்த இரண்டு காதையும் அவன் உடைத்துவிட்டான். அம்மாவின் ஸலாமுக்குப் பிறகு இருக்கும் என் பாட்டு இரண்டு நிமிடம் அப்படித்தான் பிழைத்தது. 'தனிமர'த்தில் இன்று மிச்சம் அவ்வளவுதான்.

ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் போடுவான். அம்மா பேசும்போது எல்லோரும் அழுவார்கள். நான் மழை இல்லை என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு முடிகிறவரை அழுகிறவன் நான் ஒருவன்தான்.

வீட்டில் இன்றும் நான் ஏதாவது பேசப்போய்க் குரல் கம்மினால், என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: "லெட்டர் முடிஞ்சுடுச்சு. பாட்டு வருது, ஓடுங்க!"