குழந்தைப் பாறை

"ஏங்க, இந்த ஞாயித்துக்கிழமை நானும் உங்ககூடப் பாறை ஏற வர்றேன்" என்று மனைவி சொன்னபோது, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வாயிலிருந்த தண்ணீரை விழுங்குவதா துப்புவதா என்று தெளிய இயலாமல், இரண்டையும் ஒருசேரச் செய்தார்.

அவர் திகைத்ததில் வியப்பில்லை. ஓராண்டுக்கு முன்பு மருத்துவர் அவருடைய தொந்தியைத் தட்டிப் பார்த்து, உடற்பயிற்சி இன்றியமையாதது என்றார். அம்மையார் உடனே தம்முடைய தம்பியோடு அவரை நடைப்பயிற்சிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மைத்துனரோடு நடந்தால் கால்கள் மட்டுமன்றிக் காதுகளும் நோகும். ஆகவே, "நான் ஊருக்கு வெளியில இருக்கிற பாறையில ஏறக் கத்துக்கப் போறேன்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டார்.

அன்று முதல் ஞாயிறுதோறும் தோள்பையோடு புறப்படுவார். தம் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கண் பரிசோதனை செய்யும் இருட்டறையின் சாய்வு நாற்காலியில் நண்பகல் கடந்தும் குறட்டை விடுவார். வாரமெல்லாம் ஊரார் கண்களைத் திறந்து பார்த்தவருக்குத் தம் கண்களை மூடக் கிடைத்த ஒரே இடம் அது.

"அதெல்லாம் பழகினவங்க ஏறுற பாறைம்மா. உனக்குச் சரிப்படாது."

"புதுசா வர்றவங்களுக்குன்னு ஒண்ணுகூடவா இருக்காது? ஒரு வருஷமாப் போறீங்களே, உங்களுக்குத் தெரியாததா? தேடி வைங்க. முடியாதுன்னா சொல்லிடுங்க, தம்பியைக் கூட்டிட்டுப் போறேன்."

மைத்துனர் போனால் விசாரிப்பார். விசாரித்தால் குட்டு உடைபடும். அதன்பின் நாற்காலி ஏது, குறட்டை ஏது? ஆயுள் முழுவதும் மைத்துனரோடு நடைதான்.

மறுநாளே விளையாட்டுப் பொருள் கடைக்கு ஓடினார்.

"புதுசா ஏறுறவங்களுக்குத் தோதா இங்க ஏதாவது பாறை இருக்கா?"

"நம்ம ஊருல இருக்கிறதே கையகலப் பாறைக் கூட்டம்தாண்ணே. அதுல இடது ஓரமா ஒண்ணு இருக்கு, குழந்தைப் பாறைன்னு சொல்லுவாங்க. படிக்கட்டு மாதிரி இருக்கும். யாருக்குண்ணே?"

"என் மனைவிக்கு."

"பாறை ஏறுற ஷூ வேணுமே. என்ன அளவு?"

"என் அளவு."

விளையாட்டுப் பொருள் கடைக்காரர் வியாபாரி; அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது வேறொரு சிக்கல் எழுந்தது. ஓராண்டு பாறை ஏறியவருடைய ஷூ புத்தம்புதிதாக இருக்கலாமா? தம் கடையில் கண்ணாடி வில்லைகளைத் தேய்க்கும் இயந்திரத்தில் அதன் அடிப்பாகத்தை வைத்து, ஓராண்டுத் தேய்மானத்தை ஒரே மூச்சில் வரவழைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால், தேய்த்த பொருளை மெருகேற்றாமல் விடத் தொழில் பழக்கம் இடங்கொடுக்கவில்லை. வேலை முடிந்தபோது ரப்பரில் அவர் முகமே தெரிந்தது. பழையதாக்கப் போன ஷூ முன்னினும் பளபளத்தது. பூந்தொட்டி மண்ணைப் பூசி ஒருவாறு மறைத்தார்.

ஞாயிறன்று பாறையை அடைந்ததும், "நீ மெதுவா வாம்மா" என்று மனைவியைப் பின்னே விட்டுவிட்டு, கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளரிடம் விரைந்தார். அவர் ஓர் இளம்பெண்.

"தங்கச்சி, ஒரு சின்ன உதவி. நான் ஒரு வருஷமா இங்க வர்றதா நீ என் மனைவிகிட்டச் சொல்லணும்."

"உங்க மனைவி யாரு சார்?"

"அதோ, நீலத் தொப்பி."

அந்தப் பெண் நீலத் தொப்பியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "ஓ, நீங்கதானா அது!" என்றாள். தம் கடையின் புகழ் பாறை வரைக்கும் எட்டியிருப்பதை எண்ணி அவர் உள்ளூர மகிழ்ந்தார்.

"கவலையே படாதீங்க சார். ஜமாய்ச்சிடுவோம்."

அவள் ஜமாய்த்த விதந்தான் வினையாயிற்று. "வாங்கம்மா! சார் இங்க பெரிய புள்ளி. அவர் ஏறாத பாறையே கிடையாது" என்று முழங்கினாள்.

"அப்படியா!" என்று அம்மையார் கன்னத்தில் கைவைத்தார். "அப்ப இந்தக் குழந்தைப் பாறை அவருக்கு எதுக்கு? பக்கத்துல இருக்கிற பெருசுல ஏறிக் காட்டட்டும். பார்த்துக் கத்துக்கிறேன்."

"உனக்காக இன்னிக்குச் சின்னதுலயே..."

"ஏன், பயமா?"

"பயமா? எனக்கா?"

இப்படிக் கேட்டவர் பின்வாங்க வழியேது? கால் வளையங்கள் கொண்ட இடுப்புக் கச்சையை எடுத்து மாட்டினார்.

"ஏங்க, ஒரே வளையத்துக்குள்ள ரெண்டு காலையுமா விடுவாங்க?"

"இது பழகினவங்க முறை."

பயிற்சியாளர் கச்சையைச் சரிசெய்து, கயிற்றைப் பூட்டினாள்.

மெருகேறிய ஷூ பாறையில் பட்டதும் எண்ணெய் தடவிய பலகையில் வைத்தது போல் வழுக்கியது. கால்களை நம்பிப் பயனில்லை என்றறிந்த அவர் கைகளாலும் தொந்தியாலும் பாறையைக் கட்டித் தழுவி, இரண்டு ஆள் உயரம் வரை எப்படியோ சென்றார். அங்கே இரு கால்களும் ஒருங்கே விடைபெற்றன. அந்தரத்தில் தொங்கி, மின்விசிறி போல் மெல்லச் சுழலலானார். மூக்குக் கண்ணாடி ஒரு காதிலிருந்து ஊசலாடியது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல, ஓய்வெடுக்கிறேன். இதுவும் பயிற்சியில சேர்ந்ததுதான்."

"சுத்துறதுமா?"

"அதுவும்தான்!"

பயிற்சியாளர் இறக்க முயன்றாள், இயலவில்லை. கெத்துக்காக அவர் மாட்டிக்கொண்டு போன தோள்பையின் வார் பாறையிடுக்கில் வசமாகச் சிக்கியிருந்தது.

"யாராவது மேல வந்து எடுத்துவிடணும் சார்!"

"நல்லாப் பழகின ஆளாக் கூப்பிடு, தங்கச்சி!"

"இருக்காங்க சார்."

அம்மையார் செருப்பைக் கழற்றினார். தம் பையிலிருந்து முன்நுனி தேய்ந்த ஒரு பழைய ஷூவை எடுத்து மாட்டினார். பக்கத்துக் கயிற்றைத் தம் கச்சையில் பூட்டிக்கொள்ள, மறுமுனையை வேறொருவர் பிடித்துக்கொண்டார்.

"ஏய், ஏறாதே! விழுந்துடுவே! நீ இன்னும் குழந்தைப் பாறையையே தொடல!"

அம்மையார் பரணிலிருந்து பாத்திரம் எடுக்கப் போகிறவரைப் போல் விறுவிறுவென்று ஏறினார். வாரை விடுவித்தார். ஊசலாடிய கண்ணாடியை எடுத்துக் கணவரின் மூக்கில் நேராக வைத்தார்.

"நீ... எப்படி... எப்ப இதெல்லாம்..."

அம்மையார் கீழே குனிந்து, "இறக்கும்மா" என்றார்.

கயிற்றை மெல்லத் தளர்த்தியபடியே பயிற்சியாளர் அண்ணாந்து சொன்னாள்: "அக்கா ஒரு வருஷமா வர்றாங்க சார். முதல் நாள் உங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு வந்தாங்க. கீழ எங்கயும் காணோமேன்னு, மேல ஏறிப் பார்த்தாலாவது தெரிவீங்களான்னு பார்க்கத்தான் ஏறவே ஆரம்பிச்சாங்க!"