கிட்டாரில் மின்கசிவு

ஊட்டியில் சுவர் வைத்திருக்கும் எவரும் அதில் ஒரு கிட்டாரை மாட்டியே தீர வேண்டும் என்று இதுவரை அரசாணை எதுவும் வெளிவரவில்லை. இருந்தாலும் மக்கள் தாங்களாகவே மாட்டிவிட்டார்கள். ஹோம்ஸ்டே வரவேற்பறையில் கிட்டார், காபிக்கடையில் கிட்டார், வர்க்கி விற்கும் பேக்கரியில் கிட்டார். நடுவட்டம் போகிற வழியில் பஞ்சர் ஒட்டும் கடை ஒன்றில்கூட, பழைய டியூப்களுக்கு நடுவில் ஒன்று தொங்குகிறது. யாரும் வாசிப்பதில்லை. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். டயர் ரெடியானதும் போய்விடுவார்கள்.

இந்த முன்னேற்றத்தில் மலைவாசஸ்தல விருந்தினர் வரவேற்பு அலுவலகம் மட்டும் பின்தங்கியிருந்தது. சுவர் இருந்தது, ஆணி இருந்தது, கிட்டார் இல்லை. துணை இயக்குநர் ஞானசீலன் இதை மாவட்டத்துக்கே வந்த தலைகுனிவாக எடுத்துக்கொண்டார்.

"வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க, பாலு?"

பாலு அந்த அலுவலகத்தின் எலக்ட்ரீஷியன். ஸ்டோர் சாவியும் அவரிடம்தான். வருகிறவர்கள் கழிப்பறை எந்தப் பக்கம் என்பதைத் தவிர வேறெதையும் நினைத்து அவர் பார்த்ததில்லை. ஆனாலும் மேலதிகாரி எதிர்பார்க்கும் பதிலை மட்டும் சொல்லிப் பழகியவர்.

"தப்பாத்தானுங்க சார் நினைப்பாங்க."

சாதாரண கிட்டார் வாங்க முடியவில்லை. அது மரத்தால் ஆனது; ஆகவே மரச்சாமான். மரச்சாமான் வாங்க அந்த ஆண்டு அனுமதி இல்லை. மின்சாதனம் வாங்கலாம், ஹீட்டர்கள் வாங்கியதுபோக அந்தச் செலவுத் தலைப்பில் பணம் மிச்சமிருந்தது. ஆகவே எலக்ட்ரிக் கிட்டார் வாங்கப்பட்டது. அதுவும் மரம்தானே என்று ஒருவரும் கேட்கவில்லை. வயர் மாட்டும் ஓட்டை இருந்ததால் அது மின்சாதனம் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகியிருந்தது.

மலை ஏறும் வழியில் சோதனைச் சாவடியில், மலையில் பிளாஸ்டிக்குக்குத் தடை என்று, பார்சலுக்குள் இருந்த பிளாஸ்டிக் உறைகளை எல்லாம் உருவி எடுத்துக்கொண்டார்கள். அதனால் கிட்டார் ஒரு தேயிலைச் சாக்குக்குள், தலை மட்டும் வெளியே தெரிய, வேனில் வந்து இறங்கியது.

வாசிக்க ஆள் வேண்டுமே. இங்கேதான் எங்கள் ஆன்சி வருகிறாள்.

ஆன்சிக்குக் காந்தலில் எங்கள் தெருதான். கோயில் பாடற்குழுவில் கிட்டார் வாசிப்பவள். அந்தக் குழுவைப் பார்த்துக்கொள்பவன் நான் என்பதால் சொல்கிறேன், அவள் வாசிக்க ஆரம்பித்தால் பிரசங்கத்தில் தூங்கியவர்கள்கூட எழுந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சராக இருந்தாள். அங்கே பாட்டை நிறுத்திவிட்டு ரோபோ வகுப்பு ஆரம்பித்ததில் வேலை போயிற்று. வீட்டில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அப்பா செலஸ்டின். வேறு வருமானம் கிடையாது. வரவேற்பு அலுவலகத்தில் "தற்காலிக இசைப் பணியாளர்" வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள்; வேலை கிடைத்தது. ஒழுங்காக நடந்துகொண்டால் நிரந்தரம் என்றார் ஞானசீலன்.

புதிதாக வாங்கிய எந்தப் பொருளையும் மூன்று பேர் பார்த்து முதற்பார்வை அபிப்பிராயம் பதிய வேண்டும் என்பது அலுவலக விதி. ஞானசீலன் பதிந்தது: "சிவப்பு நிறம். திருப்திகரம்." பாலு பதிந்தது: "உடைப்பு இல்லை. கனம் அதிகம். ஆணி தாங்குமா என்பது சந்தேகம்." மூன்றாவதாக ஆன்சியின் கையில் கொடுத்தார்கள்.

அவள் சால்வையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அதுவரை அவள் வாசித்ததெல்லாம் கோயில் கிட்டார். முதுகில் பெவிகால் ஒட்டிய தழும்போடு இருப்பது. இதன் கழுத்து, அவள் கையை அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்ததாம். கம்பிகள் வெண்ணெய் மாதிரி இறங்கினவாம். என்னிடம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதல் பிள்ளை பெற்றவள் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னாள்.

மீட்டினாள். தகர டப்பாவுக்குள் பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் ஏதோ கேட்டது.

"ஏனுங்க, சத்தமே வரலியே?" என்றார் ஞானசீலன்.

"ஆம்ப் வேணுங்க சார். அதுல கனெக்ஷன் குடுத்தாத்தான் சத்தம் வரும்."

"ஆம்ப்னா?"

"சத்தத்தைப் பெருசாக்கிக் குடுக்கிற பெட்டிங்க."

"அதாவது ஒலிபெருக்கி."

"அப்படியும் சொல்லலாமுங்க."

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அலுவலகத்துக்குப் பின்னால் சோலைக்காடு. அந்தப் பகுதியில் ஒலிபெருக்கிக்குத் தடை. ஞானசீலன் தடையை மதிப்பவர்.

"கித்தாருக்குத் தடை இல்ல. ஒலிபெருக்கிக்குத்தான் தடை. அதனால நாம கித்தாரை மட்டும் வாசிப்போம்."

பாலு தொழில்நுட்பக் கருத்து ஒன்றையும் முன்வைத்தார். "ஒரே பிளக் பாயிண்டுதானுங்க சார் இருக்கு. அதுல பெட்டியைப் போட்டா ஹீட்டரை எடுக்கணும்."

டிசம்பர் மாதம். மூவரும் ஹீட்டரைப் பார்த்தார்கள். விவாதம் அத்துடன் நிறைவுபெற்றது.

மறுநாள் முதல் ஆன்சி காலையில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்தாள். அவளுக்கே கேட்காது. தாடையைக் கிட்டார்மேல் அழுத்தி வைத்துக்கொண்டால் எலும்பு வழியாகக் கொஞ்சம் கேட்குமாம். அப்படியே சாய்ந்து, கண்ணை மூடி வாசிப்பாள். அந்தக் கோலத்தைத்தான் சரத் பார்த்தான்.

சரத் பெங்களூரில் அனுபவ ஆலோசகன். விடுதிக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு, விருந்தினர்கள் எதை அனுபவிக்க வேண்டும் என்று சொல்வது அவன் தொழில். கழிப்பறை தேடி உள்ளே வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"சார், சத்தம் வரலியே?"

ஞானசீலன் கொஞ்சமும் தடுமாறவில்லை. "வனவிலங்குகளுக்கு இடையூறு இல்லாத கித்தாருங்க இது. திட்டமிட்டே அப்படி."

சரத் அந்தக் காட்சியைப் படம்பிடித்து, "மலையின் மௌன இசை" என்று தலைப்புக் கொடுத்து இணையத்தில் போட்டான். ஒரு வாரத்தில் வரவேற்பு அலுவலகத்துக்கு முன்னால் வண்டி நிறுத்த இடமில்லை. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். குழந்தை அழுதால், "இசையைக் கெடுக்காதீங்க" என்று பக்கத்திலிருந்தவர்கள் கோபப்பட்டார்கள். குன்னூரில் ஒரு காபிக்கடைக்காரர், நல்லபடியாகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரை எடுத்துப் பரணில் போட்டார். சாயங்கால வாசிப்பைவிடக் காலை வாசிப்பில் ஆழம் அதிகம் என்று ஒரு பேராசிரியர் எழுதினார். சாயங்கால ரசிகர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

புகழ் வந்தால் புகாரும் வரத்தானே செய்யும். பக்கத்துக் கட்டடத்தில் குடியிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி சுடலைமணி, கிட்டார் சத்தத்தால் பகலில் தூங்க முடியவில்லை என்று எழுத்துமூலம் முறையிட்டார். ஒலி அளக்கும் கருவி வரவழைக்கப்பட்டது. அதில் ஒன்றும் பதிவாகவில்லை. ஆனால் புகார் பதிவாகியிருந்தது. பதிவாகிவிட்ட ஒன்றை, பதிவாகாத ஒன்றை வைத்து எப்படி மறுப்பது? சத்தத்தைப் பாதியாகக் குறைக்குமாறு உத்தரவு வந்தது.

"எதைங்க சார் குறைக்கிறது?" என்றாள் ஆன்சி.

"ஆறு கம்பி இருக்குதில்ல. மூணை எடுத்துருங்க."

"எந்த மூணுங்க?"

ஞானசீலன் நியாயமானவர். "ஒல்லியானதை எடுங்க. கனமானதெல்லாம் பாவம், அதிக லோடு தாங்குது."

பாலு கட்டிங் பிளேயரோடு வந்தார். ஒவ்வொரு கம்பியாக அறுந்தபோது டிங், டிங், டிங் என்று சத்தம் கேட்டது. அந்தக் கிட்டார் அலுவலகத்துக்கு வந்ததிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்த சத்தம் அதுதான். சுடலைமணி மறுநாளே நன்றிக் கடிதம் அனுப்பினார். இப்போது நன்றாகத் தூக்கம் வருகிறதாம்.

அன்று சாயங்காலம் ஆன்சி என் வீட்டுக்கு வந்தாள். காபி கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அங்கிள், சென்னையிலிருந்து துறைச் செயலாளரம்மா வர்றாங்களாம். அவங்க பார்த்துட்டா வேலை நிரந்தரம்னு சார் சொல்றார்."

"நல்லதுதானேம்மா?"

"கோயில் ஆம்ப் வேணுங்க அங்கிள். ஒரே ஒரு நாள்."

"எதுக்கும்மா? சும்மா உட்கார்ந்திருந்தாலே நிரந்தரங்கிறாங்களே?"

"அது எப்படிப் பாடும்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க அங்கிள்," என்றாள்.

ஆட்டோவில் ஆம்பை மடியில் வைத்துக்கொண்டு போனவன் நான்தான். புதிதாக வாங்கிய மூன்று கம்பிகள் அவள் கைப்பையில் இருந்தன. எல்லோரும் வாசலில் பூங்கொத்தோடு நின்ற நேரத்தில் அவள் கம்பிகளை மாட்டி முறுக்கினாள். நான் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி ஆம்பைச் செருகி, அதன்மேல் சால்வையைப் போட்டேன்.

செயலாளரம்மா வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கூட்டம் பயபக்தியோடு கண்ணை மூடியது. ஆன்சி மீட்டினாள்.

நான் எத்தனையோ பேர் வாசித்துக் கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதல் சுரம் நெஞ்சுக்குள் நேராக வந்து இறங்கியது; இறங்கிய இடத்திலேயே நின்று நீண்டுகொண்டே போனது. ஆன்சி திடுக்கிட்டுக் கிட்டாரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த சுரம், அதற்கடுத்தது... பின்னால் சோலையில் குரங்குகள்கூட அமைதியாகிவிட்டன.

கூட்டம் மட்டும் அமைதியாகவில்லை. காதைப் பொத்திக்கொண்டு நாலு பேர் எழுந்தார்கள். "இவ்வளவு செலவு பண்ணி இந்த இரைச்சலைக் கேட்கவா வந்தோம்?" என்றது ஒரு குரல். "இதைத்தான் எங்க ஊர்லயே கேக்கறமே!" என்றது இன்னொன்று. செயலாளரம்மா ஞானசீலன் பக்கம் திரும்பி, "என்ன இது, சத்தம் வருது? ரிப்பேரா?" என்று கேட்டார்.

"குளிருது," என்றார் பாலு. பிளக்கைக் கண்டுபிடித்துப் பிடுங்கி, ஹீட்டரைப் போட்டார்.

விசாரணை நடந்தது. இசை வாசிக்க நியமிக்கப்பட்ட பணியாளர் அனுமதியின்றி இசை வாசித்ததாகக் குற்றச்சாட்டு. அறைக்கு வெளியே ஞானசீலன் அவளைத் தனியே கூப்பிட்டார்.

"நெசமாவே நல்லா இருந்துச்சும்மா. அதுதான் இப்பப் பிரச்சினையே. ஒண்ணு செய்யுங்க. மின்கசிவுன்னு எழுதிக் குடுத்துருங்க. ஹீட்டர் கரண்ட் கித்தார்ல ஏறிருச்சு, தானா சத்தம் வந்துருச்சுன்னு. வேலையும் தங்கும், என் பேரும் தங்கும்."

"என் கையால வாசிச்சதுங்க சார்."

"எனக்குத் தெரியாதா? உங்க அப்பாவுக்கு மருந்து யாரு வாங்குறதுன்னு யோசிச்சுப் பாருங்க."

ஆன்சி யோசித்தாள். மின்கசிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பாலு கிட்டாரைப் பரிசோதித்து, கசிவு சரிசெய்யப்பட்டதாகச் சான்றளித்தார். வயர் மாட்டும் ஓட்டையில் எம்-சீல் வைத்து அடைத்தார். அந்த வாரமே வேலை நிரந்தரமானது. செயலாளரம்மா பாராட்டுக் கேடயமும் அனுப்பினார்.

எங்கள் காந்தல்காரர்கள் இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அதிகாரிகளுக்கு அறிவில்லை, வெளியூர்க்காரனுக்குக் காதில்லை என்று கோயில் வாசலில் பேசாத ஞாயிறு இல்லை. அதிகம் பேசியவன் நான்.

பிப்ரவரியில் என் மகள் ஸ்டெபிக்குக் கல்யாணம் வைத்தோம். வரவேற்புக்கு ஆன்சியைத்தான் கூப்பிட்டேன். நிரந்தர வேலைச் சம்பளத்தில் சொந்தமாக ஒரு எலக்ட்ரிக் கிட்டாரும் ஆம்பும் வாங்கியிருந்தாள்; இரண்டையும் கொண்டுவந்தாள். ரெண்டு வாரமாக ஒரு பாட்டைப் பயிற்சி செய்திருந்தாளாம், ஸ்டெபிக்காக.

மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூர்க்காரர்கள், வசதியானவர்கள். மேடைப் பக்கம் ஆம்பைப் பார்த்ததும் சம்பந்தி என் காதோரம் குனிந்தார்.

"ஏனுங்க, இவங்கதானே அந்த மௌன இசை அம்மா? எங்க சொந்தக்காரங்கெல்லாம் அதுக்குன்னே வந்திருக்காங்க. இது என்னங்க, ஸ்பீக்கரெல்லாம்?"

ஆன்சி வயரைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். "கனெக்ஷன் குடுக்கட்டுங்களா, அங்கிள்?"

நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் பின்னால் பட்டுப்புடவையும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். பாதிப் பேர் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தார்கள்.

"வேண்டாம்மா," என்றேன். "அப்படியே வாசி."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். வயரைச் சுருட்டி ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். மண்டபம் மூச்சுக் காட்டவில்லை. முடிந்ததும் கைத்தட்டல் அடங்கவே இல்லை. சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"கடைசி வரியில ஒரு இழுப்பு இழுத்தாங்களே, கேட்டீங்களா?"

"கேட்டேனுங்க," என்றேன். "சுருதி சுத்தமா இருந்துச்சு."