தலைவியின் அப்பா

"உனக்கு எதுலதான் ஆர்வம்?" என்று மறுபடியும் கேட்டார் மேனேஜர்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள், தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யோசிச்சிட்டிருக்கேன்பா."

"யோசிக்க என்ன இருக்கு? ஆர்வம்னா தானா வரணும்."

டயர் கம்பெனியில் அவருக்குக் கீழே நாற்பது பேர். ஒருவர்கூட அவரிடம் 'யோசிக்கிறேன்' என்று சொன்னதில்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லாம் ஏற்கெனவே வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள்.

விஷயம் இதுதான். ஒரே மாதிரி ஆர்வமுள்ள பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால் கிளப் ஆரம்பிக்கலாம், மாதக் கடைசியில் கண்காட்சி, பரிசு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் அறிவித்துவிட்டார்கள். அதோடு விட்டிருந்தால் மேனேஜர் பேசாமல் இருந்திருப்பார். அன்று காலையில் பக்கத்து வீட்டு ஆடிட்டர், வாயைக் கொப்பளிக்கக்கூடப் பொறுக்காமல், பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு மதில் மேல் எட்டிப் பார்த்து, "எங்க பையன் ரோபோ கிளப் ஆரம்பிச்சிட்டான்" என்று நுரையோடு சொல்லிவிட்டார்.

"பறவை" என்றார் மேனேஜர் திடீரென்று.

"எங்கே?" என்று மனைவி ஜன்னலைப் பார்த்தாள்.

"பறவை பார்க்கிற கிளப். ரோபோவுக்காவது பேட்டரி போடணும். பறவைக்கு அதுவும் வேண்டாம். நீ தலைவி, மத்ததெல்லாம் அப்பா பாத்துக்கறேன்."

"சரிப்பா" என்றாள் மகள்.

அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்து அவர் பார்த்ததே இல்லை. தன்னுடைய நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொண்டார்.

அன்று மாலையே மகளின் சிநேகிதர்களுடைய அப்பாக்களுக்குப் போன் போட்டார். பல் டாக்டர், தன் பையன் செயலாளர் என்றால் சரி என்றார். வக்கீல், தன் பெண் துணைத் தலைவி என்பதை எழுத்தில் கேட்டார். மற்ற இருவரும் சும்மா விடவில்லை. பொருளாளர் ஒருவன், அமைப்பாளர் ஒருத்தி. இப்படியாக, எல்லாரும் பதவியில் இருக்கிற, உறுப்பினரே இல்லாத ஒரு கிளப் உருவானது.

பதவிகளைச் சுழற்சி முறையில் வைக்கலாம் என்று மேனேஜர் சமாதானம் சொல்லப்போக, அது பெரிய சண்டையானது. அதைத் தீர்க்க அவர் வீட்டிலேயே கூட்டம் போட்டார்கள். அப்பாக்கள் ஹாலில் கத்தினார்கள். பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"அதுங்களையும் ஒரு வார்த்தை கேக்கலாமில்ல?" என்றாள் மனைவி, தேநீர்த் தட்டை வைத்தபடி.

"சின்னப் பசங்க. கிளப்பப் பத்தி அதுங்களுக்கு என்ன தெரியும்?"

பறவையையே பார்க்காமல் என்ன கிளப் என்று வக்கீல் குத்திக் காட்டியதால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குப் போனார்கள். ஐந்து அப்பாக்கள், ஐந்து பைனாகுலர். வக்கீலுடையதுதான் பெரிது. அதனால் முதலில் பார்க்கும் உரிமை தனக்கே என்றார்.

கம்பியில் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

"காக்கா" என்றார் மேனேஜர்.

"குயில்" என்றார் பல் டாக்டர். "அலகைப் பாத்தாலே தெரியுதே."

"அலகுல பல்லா இருக்கு, நீங்க சொல்றதுக்கு?" என்றார் வக்கீல்.

பல் டாக்டருக்கு மூக்கு சிவந்துவிட்டது. வாக்குவாதம் முற்றி, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்காத குறை. இந்த அமளியில் அந்தப் பறவை, தான் என்னவென்று சொல்லாமலே பறந்து போனது. பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்து, தங்களுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஒரு ஈடுபாடு பாத்தீங்களா" என்று பூரித்துப்போனார் மேனேஜர்.

கண்காட்சிக்கு ஒரு ராட்சதப் பறவை செய்வதென்று முடிவானது. மேனேஜர் டயர் டியூபில் இறக்கை செய்து, உடம்புக்குள் பஞ்சு அடைத்தார். பல் டாக்டர், பல் அச்சு எடுக்கும் மாவில் அலகு செய்தார். அலகு கனத்து, பறவை தலை குப்புறச் சாய்ந்தது. அதைச் சரிக்கட்ட வாலில் செங்கல் கட்டினார்கள். இப்போது வால் தொங்கியது. தொங்குவதுதான் தொங்குகிறது, மேலேயே கட்டித் தொங்கவிட்டால் என்ன என்று கேட்டார் வக்கீல். சட்டப்படி அதில் தவறில்லை என்றும் சொன்னார்.

கண்காட்சி அன்று பறவை சற்று நேரம் கம்பீரமாகத் தொங்கியது. பிறகு இறங்கியது. நேராக ஆடிட்டருடைய ரோபோவின் மேல்.

ரோபோ ஒரு தடவை முனகிவிட்டு அடங்கிப்போனது. அதற்கு ஸ்குரூ முடுக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் படுத்திருந்த ஆடிட்டர், தலை முழுக்க மாவோடு வெளியே வந்தார்.

"ஆறு ராத்திரி தூங்காம நான் செஞ்சது" என்றார் தழுதழுத்து.

"பையன் செஞ்சான்னு சொன்னீங்க" என்றார் மேனேஜர்.

"உங்க பறவைய மட்டும் உங்க பொண்ணா செஞ்சா?"

ஒருவர் இறக்கையைப் பிடித்து இழுத்தார், இன்னொருவர் ரோபோவின் கையைப் பிடுங்கினார். பல் டாக்டர் அலகைக் காப்பாற்றப் போய் வக்கீலின் காலை மிதித்தார். ஹால் முழுக்கப் பஞ்சு பறந்தது. பெற்றோர் கூட்டம் சுற்றி நின்றது. தலைமை ஆசிரியை வந்ததும்தான் சத்தம் அடங்கியது.

மேனேஜர் திரும்பிப் பார்த்தார். மகள் கொஞ்சம் தள்ளி, தன் சிநேகிதர்களோடு நின்றுகொண்டிருந்தாள். இத்தனை பேர் முன்னால் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அன்றுதான் முதல்முதலாக உறைத்தது.

தலையில் ஒட்டியிருந்த பஞ்சோடு முன்னால் வந்தார்.

"தப்பு என்னோடது மேடம். எங்க பொண்ணோட பறவை கிளப்ப மட்டும் தள்ளிடாதீங்க. பாவம், பிள்ளைங்க இதுக்காக ரொம்பப் பாடுபட்டிருக்காங்க."

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பறவை கிளப்பா? அப்படி ஒண்ணு இங்க இல்லையே சார். உங்க பொண்ணும் ஆடிட்டர் பையனும் மத்தவங்களும் சேர்ந்து ஆரம்பிச்சது அப்பாக்களைப் பார்க்கிற கிளப், அதுக்குத்தான் முதல் பரிசு."