வோம்ப்ராவுக்கு எத்தனை கை?

ஊர் மன்றத்து ஹால் கேக்கற படிவத்துல, பதினேழாவது கேள்விக்கு நார்மன் "ஆம்"னு டிக் போட்டாரு. போட்டுட்டுப் பேனாவ மூடி சட்டைப் பையில சொருகிட்டாரு. அங்கதாங்க எல்லாம் ஊத்திக்கிச்சு.

கேள்வி இதுதான்: "காட்சிக்கு வைக்கப்படும் பொருளால் மனித உயிருக்கு ஆபத்து நேரக்கூடுமா?"

காட்சிப் பொருள் வோம்ப்ரா. அதாவது ரெண்டு பச்சைப் போர்வை, வாஷிங் மெஷின் குழாய் ஆறு, கண்ணுக்கு ரெண்டு புட்டிங் கிண்ணம். அம்பது வருஷத்துக்கு முன்னாடி 'சனிக்கு அப்பால் சாவடி'ன்னு டிவில ஒரு தொடர் வந்துச்சு, அதுல வர்ற கொலகார ஜந்துதான் வோம்ப்ரா. கதவ சாத்தினா சுவரும் சேர்ந்து ஆடும். எந்த கிரகத்துக்குப் போனாலும் அதே கல்குவாரி. அந்தத் தொடருக்குத்தான் ஹார்ஸ்விக்ங்கற எங்க ஊர்ல நாங்க நாப்பது பேரு உயிர விட்டுட்டு இருக்கோம். நார்மன் ஹெப்பிள்வைட் எங்க சங்கத்துச் செயலாளர். நான் ஜெம்மா, துணைச் செயலாளர். லாண்டரி கடையில வேலை, மத்த நேரமெல்லாம் சாவடி. இப்ப டைப் பண்றதும் கடையிலதான், மெஷின் சுத்துற நேரத்துல.

"ஏன் நார்மன், போர்வைன்னு எழுதிட்டு 'இல்லை'ன்னு போட்டா என்ன?"

"பொய் எழுதச் சொல்றியா? மூணாவது வருஷம், ஆறாவது பகுதி. நாலாயிரத்து இருநூத்துப் பன்னெண்டு பேரக் கொன்னுச்சு. அத நான் எப்படிம்மா மறைப்பேன்?"

இந்த வருஷக் கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்ல. அந்தப் போர்வைக்குள்ள மூணு வருஷம் கெடந்து வெந்தவங்க டோரீன் பாட்டர்ஷா. இப்ப எழுபத்தொம்பது வயசு. தொடர் முடிவுல ஓடுற பேர் பட்டியல்ல குதிரைக்குப் புல்லு போட்டவர் பேர் இருக்கு. தொடர்ல குதிரையே கெடயாது. டோரீன் பேர் மட்டும் இல்ல. நாங்க அவங்களத் தேடிப் புடிச்சிட்டோம். சனிக்கிழமை ரெண்டு மணிக்கு ஊர் மன்ற ஹால்ல மேடை ஏத்தி, பேரச் சத்தமா வாசிச்சு, கைதட்டப் போறோம். போன்ல சொன்னப்ப, "நெஜமாவே என் பேரயா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

மன்றத்துலருந்து பதில் வந்துச்சு. "தங்கள் மேலான விண்ணப்பம் கிடைக்கப் பெற்றோம். வினா 17-க்கான தங்கள் விடையைக் கருத்தில் கொண்டு, மேற்படி உயிரினத்தின் உணவு, உறக்கம், கைகளின் எண்ணிக்கை மற்றும் இதுகாறும் நிகழ்ந்த உயிரிழப்புகள் பற்றிய விவரங்களை இணைப்புடன் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது."

இந்த இடத்துல எந்த மனுஷனும் பயந்திருப்பான். நார்மன் சந்தோஷத்துல குதிச்சாரு. அம்பது வருஷத்துல யாருமே அவர்ட்ட இவ்ளோ ஆர்வமாக் கேட்டதில்லையாம். பதினாலு பக்கம் எழுதினாரு, அடிக்குறிப்போட.

புதன்கிழமை மன்றத்துப் பாதுகாப்பு அதிகாரி மிஸஸ் ஓல்டராய்டு நேர்ல வந்தாங்க. மஞ்சள் சட்டை, தலைல ஹெல்மெட். நார்மன் வீட்டு கேரேஜ்ல வோம்ப்ராவச் சுத்திச் சுத்தி வந்து அளந்தாங்க.

"மேடம், இது போர்வைங்க. நான்தான் துவைக்கிறேன்"ன்னேன்.

"தெரியுதும்மா. எனக்கென்ன கண்ணு இல்லையா? ஆனா ஃபைல்ல இது போர்வை இல்லையே. ஃபைல்ல இது நாலாயிரம் பேரக் கொன்னுருக்கு."

"அப்ப ஃபைல மாத்திடுங்க."

"மாத்தலாமே. இதுக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட்ட உறுதிமொழி வேணும். உள்ள இருந்தவங்க யாரோ அவங்க. அப்புறம் இன்னொண்ணு." காகிதத்த நார்மன் மூக்குக்கு நேரா நீட்டினாங்க. "கைகள்: ஆறுன்னு எழுதியிருக்கீங்க. தப்பு."

நார்மன் முகம் செவந்துடுச்சு. "ஆறுதான்!"

"ஏழு. ரெண்டாவது வருஷம், நாலாவது பகுதி, பதினோராவது நிமிஷம். கல்குவாரிக் காட்சி. இடது பக்கம் ஒரு கை எட்டிப் பாக்குது."

எனக்குச் சட்டுனு ஞாபகம் வந்துச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தபால் மூலமாச் சேர்ந்த முப்பத்தொண்ணாம் நம்பர் உறுப்பினர் ஒருத்தர் இதே பதினோராவது நிமிஷத்தப் பத்தி எழுதியிருந்தாரு. எங்க சங்கத்துல உறுப்பினர்களுக்கு நம்பர் மட்டும்தான், பேரு கெடயாது, நார்மன் விதி. அவருக்கு அனுப்பின கடிதம் எனக்கு மனப்பாடம், ஏன்னா டைப் பண்ணது நான். "தங்கள் ஏழாவது கைக் கோட்பாடு சங்கத்தின் ஒருமைப்பாட்டுக்கு ஊறு விளைவிப்பதால், தாங்கள் உடனடியாக நீக்கப்படுகிறீர்கள். உறுப்பினர் பேட்ஜைத் தபால்தலை ஒட்டித் திருப்பி அனுப்பவும்."

"நீங்களா முப்பத்தொண்ணு?"ன்னேன்.

மிஸஸ் ஓல்டராய்டு ஹெல்மெட்டச் சரி பண்ணிட்டாங்க. "பேட்ஜ இன்னும் அனுப்பல. சனிக்கிழமை பாக்கலாம்."

சனிக்கிழமை செம மழை. உறுதிமொழி வர்ற வரைக்கும்னு ஹால் பூட்டியிருக்கு. கதவுக்குக் குறுக்க செவப்பு வெள்ளை ரிப்பன். வெளிய நாப்பது பேரு, பாதிப் பேரு வோம்ப்ரா வேஷத்துல, போர்வைக்குள்ள. ரெண்டு பஸ் மாறி டோரீன் வந்து எறங்கினாங்க. பச்சைக் கோட்டு, கைல டப்பா நெறைய முட்டை சாண்ட்விச். திரும்பிப் போற கடைசி பஸ் நாலு பத்துக்கு.

மிஸஸ் ஓல்டராய்டு குடையடியில படிவத்த நீட்டினாங்க. டோரீன் கண்ணாடி போட்டுட்டு மெதுவாப் படிச்சாங்க. "பொறுப்பானவர் பெயர், பெரிய எழுத்துக்களில்... கண்ணு, இந்தப் பேரு எங்க போகும்?"

"மன்றத்து ஆபத்துப் பதிவேட்டுல. வாசல் பலகையில ஒட்டுவோம். இணையத்துலயும் போடுவோம்."

"என் பேரா? அச்சடிச்சா?"

"விதிமுறைங்க."

டோரீன் பேர எழுதின அழகப் பாக்கணுமே! ஒவ்வொரு எழுத்தும் ஒரு வீடு மாதிரி. உயிரிழப்பு 4,212ங்கற இடத்துல "அவங்க எல்லாருமே ரெண்டே ரெண்டு பசங்கதான், தொப்பிய மாத்தி மாத்திப் போட்டாங்க"ன்னு சிரிச்சுட்டே டிக் போட்டாங்க. கைகள் எத்தனைங்கற எடத்துல கொஞ்சம் யோசிச்சாங்க.

"குழாய் ஆறு. ஆனா ஒருநாள் குவாரில குளிர் தாங்கல. பக்கத்துல டீ கொண்டு வந்தாங்க. ஓட்டை வழியா என் கையவே வெளிய நீட்டிட்டேன், ரப்பர் கையுறையோட. கேமரா ஓடிட்டு இருந்துச்சு. அத வெட்டக் காசு இல்லன்னு அப்படியே விட்டுட்டாங்க. அப்ப ஏழு." எழுதிட்டாங்க.

மிஸஸ் ஓல்டராய்டு ஹெல்மெட்டக் கழட்டினாங்க. கண்ணு கலங்கியிருந்துச்சு. சாவிய எடுத்தாங்க. மணி ரெண்டு இருவது. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுடுச்சுன்னு நெனச்சேன்.

"நிறுத்துங்க!" நார்மன். "இந்தப் படிவம் சங்கத்துப் பேர்ல போகுது. சங்க விதி பன்னெண்டு: பிழையுள்ள எந்த ஆவணமும் வெளியே போகக் கூடாது. கை ஆறு."

"நான்தாங்க உள்ள இருந்தேன்"ன்னாங்க டோரீன்.

"மன்னிக்கணும் டோரீன். உள்ளருந்து பாத்தா வெளிய தெரியாது. உங்க கருத்த எழுத்து மூலமாக் குடுத்தா, கதைல முரண் பாக்கற நம்ம குழு அடுத்த ஏப்ரல்ல பரிசீலிக்கும்."

"நார்மன், விட்டுத் தொலைங்களேன்!"ன்னேன்.

"அப்ப ஓட்டெடுப்பு வை. விதி பத்தொம்பது."

வச்சோம். மழைல. முதல் தடவை இருவது இருவது. போர்வைக்குள்ள இருக்கறவங்க தூக்கினது கையா குழாயான்னு தெரியலன்னு ரெண்டாவது தடவை. அப்பவும் இருவது இருவது. போர்வை போட்டவங்க ஓட்டு செல்லுமான்னு தனியா ஒரு ஓட்டு; செல்லாதுன்னு ஆச்சு, திரும்ப ஆறா ஏழான்னு மூணாவது தடவை. டோரீன் எங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சாண்ட்விச் குடுத்தாங்க. பஸ் ஸ்டாப் கூரைக்கடியில உக்காந்து வேடிக்கை பாத்தாங்க. ஆறுன்னு தீர்மானம் நிறைவேறினப்ப மணி நாலு பதினஞ்சு. திரும்பிப் பாத்தேன். ஸ்டாப்ல காலி டப்பாதான் இருந்துச்சு.

மேடைல அவங்க பேர யாரும் வாசிக்கல. மேடைக்கே யாரும் போகல.

திங்கக்கிழமை மன்ற வாசல்ல ஒட்டினாங்க. "ஆபத்தான உயிரினம்: டோரீன் பாட்டர்ஷா. உயிரிழப்பு: 4,212. கைகள்: ஏழு." தீர்மானம் வர்றதுக்குள்ள மிஸஸ் ஓல்டராய்டு படிவத்துல சீல் குத்திட்டாங்க.

பயந்து பயந்து டோரீனுக்குப் போன் போட்டேன்.

"பாத்தேன் கண்ணு! பேத்தி பெருசா அச்சடிச்சு சுவத்துல மாட்டிட்டா. பக்கத்து வீட்டுக்காரர் இப்பல்லாம் அவர் நாயக் கட்டிப் போட்டுடறாரு. உங்க நார்மன் எப்படி இருக்காரு, நனைஞ்சாரே?"

நார்மன் நல்லா இருக்காரு. பதிவேட்டுல கைகளத் திருத்தணும்னு மன்றத்துக்கு மனு குடுத்திருக்காரு, பத்தொம்பது பக்கம். டைப் பண்றது நான்தான். மெஷின் நின்னதும் மிச்சப் பக்கத்த ஆரம்பிக்கணும்.

ஒண்ணு மட்டும் சொல்லல. ஆறா ஏழான்னு வச்ச அந்த மூணு தடவையும் நான் ஆறுக்குத்தான் கை தூக்கினேன். பதினோராவது நிமிஷத்த நூறு தடவை பாத்திருக்கேங்க, எனக்கு அது குழாயோட நிழலாத்தான் தெரியுது!

உங்க சங்கத்துலயும் இப்படி ஆயிருக்கா? யாருக்காகக் கூட்டம் போட்டீங்களோ அவங்கள மழைல உக்கார வச்சுட்டு ஓட்டெடுப்பு நடத்தியிருக்கீங்களா? அப்ப நீங்களும் கை தூக்கினீங்களா?