சாம்பல் நிறப் பேன்ட்டின் சாட்சியம்

என் மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் என்றும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். அங்கே உன் முழங்காலும் அத்தானின் காது மெஷினும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று நம்புகிறேன். படித்து முடித்ததும் ஒரே வரியில் தீர்ப்பு எழுது: நான் இன்னும் ஆறு கிலோ குறைக்க வேண்டுமா, வேண்டாமா? ஆரம்பித்து வைத்தவள் நீ. முடித்து வைப்பதும் உன் பொறுப்பு.

போன வருஷம் நீ வந்தபோது வாசலில் நின்ற என்னைப் பார்த்து, "டேய், கொஞ்சம் தள்ளி நில்லுடா, வீட்டுக்குள்ள வெளிச்சமே வரல" என்றாய். நீ மறந்திருப்பாய். மறுநாளே நான் நடக்க ஆரம்பித்தேன், சர்க்கரையை விட்டேன், சாப்பாட்டைப் பாதியாக்கினேன். எண்பத்தொன்றில் இருந்தவன் எட்டே மாதத்தில் அறுபத்தெட்டு. டாக்டரம்மா, "போதும் சார். உங்க உயரத்துக்கு இதான் சரி. இதுக்கு மேல குறைச்சா வேற ஏதாவது வியாதியோட வந்து நிப்பீங்க" என்றார். ஆனால் அந்த எடை மெஷினை நான் எப்படி நம்புவது? முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தியவன் நான். ஆள் ஏறுவதற்கு முன்பே அது முந்நூறு கிராம் காட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்துச் சொன்னதும் நர்ஸ் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். சரி, வேறு சாட்சி வேண்டும் என்று என் சாம்பல் நிறப் பேன்ட்டிடம் போனேன்.

திங்கட்கிழமை தோறும் அதைப் போட்டுப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் பட்டன் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் மாட்டும். ஆகவே மெஷின் பொய், வயிறு அப்படியே இருக்கிறது என்று முடிவு கட்டினேன். வேலைக்குச் சேர்ந்தபோது மெடிக்கல் சர்ட்டிபிகேட்டில் இருந்த அறுபத்திரண்டு கிலோவைத் தொடாமல் விடுவதில்லை என்று சபதம் போட்டு ராத்திரிச் சாப்பாட்டையும் நிறுத்தினேன். அதற்குள் கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறிப்போயிற்று, செயின் தேய்ந்துவிட்டது என்று நினைத்தேன். மோதிரம் சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போயிற்று. பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர் பஸ்ஸில் என் காதோரமாக, "எந்த ஆஸ்பத்திரியில காட்டுறீங்க?" என்று கேட்டார். நூலக வரிசையில் கண் இருட்டி, முன்னால் நின்றவர் முதுகில் சாய்ந்துவிட்டேன். நின்றுகொண்டே தூங்குகிறேன் என்று நினைத்து அவர் திட்டினார். முன்னறையில் தையல் மெஷின் போட்டுத் தெருவுக்கே துணி தைக்கும் என் வீட்டுக்காரியிடம் இதை மட்டும் சொல்லவில்லை.

ஒரு நாள் சாம்பல் பேன்ட் ஈரமாக இருந்ததால், பீரோவின் அடியில் கிடந்த காப்பிக்கலர் பேன்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர், கையில் ஒரு பை நிறைய ஆப்பிள். நோயாளியைப் பார்க்க வந்திருக்கிறாராம்! பெரியவர் கொடுப்பதை இரண்டு கையாலும் வாங்க வேண்டாமா? வாங்கினேன். பேன்ட் கணுக்காலில் போய் உட்கார்ந்துவிட்டது. "நீங்க படுத்துக்கங்க, நான் அப்புறம் வரேன்" என்று அந்த மனிதர் கூரையைப் பார்த்தபடியே படி இறங்கிப் போனார்.

ஒரே இடுப்புக்கு ஒரு பேன்ட் இறுக்கம், இன்னொன்று தொளதொளப்பு. அதெப்படி? வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "சாம்பலை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு நூல் ஒரு நூலாப் பிடிச்சுத் தைச்சேன். ஊருக்கெல்லாம் அளவு பார்த்துத் தைக்கிறவ புருஷன் தொளதொளன்னு போனா சிரிக்க மாட்டாங்களா?" பிறகு நூல் முனையில் முடிச்சுப் போட்டபடியே, "பேன்ட்டுக்குள்ள ஆளே இல்லாத மாதிரி இருந்துச்சு. பயமா இருந்துச்சுங்க" என்றாள். அக்கா, எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே மூன்று ஆப்பிள் சாப்பிட்டேன்.

"இனி அந்தப் பேன்ட்டுல ஒரு தையலும் பிடிக்கக் கூடாது" என்று வாக்கு வாங்கிக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டை மறுபடி தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பேன்ட் கனகச்சிதம்! இறுக்கமும் இல்லை, தொளதொளப்பும் இல்லை. இத்தனைக்கும் ஒரு நாள் விடாமல் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிடுகிறேன். உடம்பே தன் அளவைக் கண்டுபிடித்துவிட்டது என்றுதான் தோன்றுகிறது. வீட்டுக்காரியும் இப்படியே இருங்கள் என்கிறாள். ஆனாலும் அந்த அறுபத்திரண்டு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீதான் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். குழந்தைகள் ஆளாகிவிட்டாலும் அவர்கள் தலையில் என் ஆசீர்வாதத்தை ஒரு தடவை வைத்து எடு.

இப்படிக்கு,
நீ அடித்து வளர்த்த தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன், கொடியில் கிடந்த சாம்பல் பேன்ட் இடுப்பின் உள்பக்கத்தைத் தற்செயலாகத் திருப்பிப் பார்த்தேன். பிடித்த தையல் ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிரித்துவிட்டு, புது நூலில் மூன்று விரல்கடை தளர்த்தித் தைத்திருக்கிறாள். போய்க் கேட்டேன். மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலேயே, "பிடிக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? நான் தைக்கிற வரைக்கும் உங்க அளவு சரியாத்தான் இருக்கும், போய் சாப்பிடுங்க" என்றாள். தீர்ப்பு எதுவும் எழுத வேண்டாம், அக்கா. அடுத்த தடவை நீ வரும்போது வாசலில் நான் கொஞ்சம் தள்ளியே நிற்கிறேன்.